பி எழுபத்தெட்டு, புள்ளி, பூஜ்யம்

பினாங்கில் ஒரு மருத்துவமனையின் அடித்தளம்.
ஏசி நீர் சொட்டும் இடத்தில் ஒரு மைலோ டின்,
அதற்குப் பக்கத்தில் என் மேசை.
குணமானவர்கள், ஆகாதவர்கள்,
எல்லாரும் கோப்பாகித்தான் என்னிடம் வருவார்கள்.
நான் அவர்களை எண்ணாக்கி அனுப்புவேன்.

இந்தக் கோப்பில் பெயர் இல்லை.
'பேபி ஆஃப் குணவதி ஏ/பி முனுசாமி.'
பிறந்த எடை எழுநூற்று எண்பது கிராம்.
என் கைப்பையைத் தூக்கிப் பார்த்தேன்:
சாவி, குடை, அரை பாட்டில் தண்ணீர்.
அதைவிடக் கனம்.

டாக்டர் எழுதியது ஒரே சொல், அதுவும் பாதி:
பெர்ஃப்.
மீதியை அவசரம் தின்றுவிட்டது.

குடலில் ஓட்டை. சரி.
எந்த ஓட்டை?
கே 63.1 பெரியவர்களின் ஓட்டை.
பிறப்போடு வந்த நோய்க்கு இங்கே இடமில்லையென்று
அந்த அத்தியாயத்தின் வாசலிலேயே எழுதியிருக்கிறது.
பி 77 என்றால் குடல் அழுகி, சுவர் செத்து, அதனால் கிழிவது.
பி 78.0 காரணம் சொல்லாமல் கிழிவது.
காட்டுப்பீ வயிற்றுக்குள் கொட்டிப் புண்ணாவதும்
அதற்குள்தான் அடக்கம்.

காட்டுப்பீ.
என் மகன் பிறந்த காலை
துணியில் தார்போல் கரும்பச்சை.
"பாகுஸ், பாகுஸ்" என்று சிரித்தாள் மலாய் நர்ஸ்.
அது வெளியே வந்ததற்கு
அன்று நான் யாருக்கும் நன்றி சொல்லவில்லை.

"77 போட்டுவிடு," என்கிறாள் சுராயா,
"எல்லாரும் அதைத்தானே போடுகிறார்கள்."
மாதக் கடைசி. நாற்பத்திரண்டு கோப்பு பாக்கி.

புரட்டுகிறேன்.
அறுவைக் குறிப்பில் சர்ஜன் ஒரு குடலை வரைந்திருக்கிறார்,
முறுக்குப் பிழிந்த மாதிரி.
ஓரிடத்தில் பெருக்கல் குறி, ஓர் அம்பு, மூன்று மில்லிமீட்டர்.
மற்ற இடமெல்லாம் இளஞ்சிவப்பு என்று எழுதி
இளஞ்சிவப்பின் கீழ் கோடு.

நர்ஸ்களின் கையெழுத்து வேளைக்கு வேளை மாறுகிறது:
அம்மா பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியில் வந்தார். பால் 15 மில்லி.
அம்மா வந்தார். 20 மில்லி.
அம்மா வந்தார். மழை, தாமதம். குழந்தைக்கு இன்னும் பால் தொடங்கவில்லை. ஃப்ரீசரில் வைத்தோம்.
அம்மா வந்தார்.

படகு கவிழ்ந்தால் என் புத்தகத்தில் வி 90.
கவிழாமல் தொண்ணூறு நாள் போய்வந்தால்
எண் கிடையாது.

டாக்டர் ஹஸ்லினாவுக்கு மூன்று முறை போன்.
மூன்றாவது முறை எடுத்தார்,
பின்னால் ஏதோ மானிட்டர் கத்திக்கொண்டிருந்தது.
"பத்தாலஜி ரிப்போர்ட் கோப்பில் இல்லையா?"
இல்லை.
வெள்ளிக்கிழமை வந்தது:
சுவரில் அழுகல் இல்லை. ஒற்றைத் துளை. விளிம்பு சுத்தம்.

பி 78.0. என்டர் தட்டினேன்.
திரை ஒன்றும் சொல்லாமல்
அடுத்த கோப்பைக் கேட்டது.

தணிக்கையில் கேட்டார்கள்:
வீட்டுக்குப் போகும்போது குழந்தைக்குத் தொண்ணூற்றேழு நாள்,
இருபத்தெட்டைத் தாண்டியபின் 'பி' எப்படி?
எப்போது முடிந்தது என்பது கணக்கில்லை,
எங்கே தொடங்கியது என்பதே கணக்கு.
விதியின் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.
ஒன்பதாம் நாள், விடியல் மூன்று மணி,
வயிறு நீலம்.

நேற்று அதே பதிவு எண்.
பழைய லேபிளின்மேல் புது லேபிள்:
நவினேஸ் ஏ/எல் பரமசிவம். நான்கு கிலோ அறுநூறு.
வெளியே வைத்திருந்த குடலை
உள்ளே சேர்க்க வந்திருக்கிறான்.
இசட் 43.2.
அதற்குப் புத்தகம் வைத்த பெயர்
'இலியோஸ்டமியைக் கவனித்தல்.'
கவனித்தல்.
சொல் அவர்களுடையது, நான் சேர்க்கவில்லை.

நகத்தால் லேபிளின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன்.
அடியில் 'குண' மட்டும் தெரிந்தது.
அழுத்தி ஒட்டினேன்.

மைலோ டின் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.